எரிச்சல் என்றுதான் சொன்னேன்

என்னங்க,

கப்பலில் உங்கள் பக்கத்தில் எப்போதும் நாலு காது இருப்பதால், போனில் பேசாமல் இதை எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

உங்கள் தங்கையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் நினைவிருக்கும். இப்போது முழுசாகச் சொல்கிறேன், எனக்குச் சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகிற வலி. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை, தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அவள்தான் வாங்கி வந்தாள். நாலு நாள் விழுங்கியும் வலி குறையவில்லை. சிறுநீர் மட்டும் நீலமாகப் போனது. இந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும் அண்ணி, பயப்படாதீங்க என்றாள். சொல்லும்போது வேறெங்கோ பார்த்தாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலாவதி தேதி தெளிவாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது.

ஒருநாள் என் அலமாரி அருகே நின்றுகொண்டு, வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா என்று கேட்டாள். வேவு பார்க்கிறாள் என்று நினைத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அலமாரியைப் பூட்டிவிட்டேன். அன்றைக்குத்தான் உங்களிடம் அழுதேன். நீங்களும் அவளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று அவள் விடுப்பு. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அந்தக் கடைக்கு நானே போனேன். முதலாளி அட்டையைப் பார்த்து, சரியான மருந்துதான் என்றார். கூட வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்டார். உங்கள் நண்பரிடம் சொல்லி நீங்கள் கொடுத்தனுப்பிய பொடி பையில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். அது நெஞ்செரிச்சலுக்காம். இந்த மாத்திரையைச் சரியாக வேலை செய்யவிடாதாம். நான் வேளை தவறாமல் அந்தப் பொடி கலந்த தண்ணீரில்தான் மாத்திரையை விழுங்கினேன்.

உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று போனில் எரிச்சல் என்றுதானே சொன்னேன். உங்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், எங்கே எரிகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டரிடம் கேட்டுப் பொடியை நிறுத்திவிட்டேன். இன்று வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. முதலாளி பார்த்த பார்வையில், அவள் எல்லாவற்றையும் அங்கே சொல்லியிருப்பாளோ என்று இப்போதும் ஒரு சந்தேகம். சொல்லியிருந்தால் எனக்கு வேண்டியதுதான்.

மதியம் அவளுக்குப் போன் செய்தேன். அண்ணி, வலி எப்படி இருக்கு என்று அவளே கேட்டாள். வைத்துவிட்டேன்.

நீங்கள்தான் அவளுக்கு எழுத வேண்டும். தப்பு என்னுடையது என்றே எழுதுங்கள். வாசல் சாவி அவளிடம்தான் இருக்கிறது, நான் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை என்றும் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி