இடது முன் சக்கரம்

இன்று காலை மூட்டுவலிக்குத் தடவ மருமகள் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசம் வந்ததும் என் கை தானாகப் பின்வாங்கியது. கிண்ணம் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒன்று மிச்சம் இருப்பதால் எழுதுகிறேன்.

நாலாம் வகுப்பு வரை நாம் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். பிறகு நீ மாட்டுவண்டி, லாரி என்று போனாய். நான் வாத்தியார் ஆனேன். அரிசி ஆலை முதலாளி புது லாரி வாங்கி உன் கையில் கொடுத்த கோடையில் எனக்குப் பள்ளி விடுமுறை. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்ல என்னையும் ஏற்றிக்கொண்டாய். முதல் ஐநூறு மைல் அரைச் சுமைதான், மணிக்கு இருபத்தைந்து மைலைத் தாண்டக் கூடாது என்று நான் படிக்க, நீ தலையாட்டினாய். மதுரைக்கும் வாடிப்பட்டிக்குமாக மூன்று நாள் போய் வந்தோம். பிரேக்கை மெல்ல மிதிப்பதும் விடுவதுமாகவே ஓட்டுவாய். புதுப் பிள்ளைகளிடம் முதல் வாரம் பாடம் நடத்தாமல் பேர் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேனே, அதுபோல.

இடது முன் சக்கரம் மட்டும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. மூன்றாம் நாள் வாடிப்பட்டியில் லாரியை நிழலில் நிறுத்திவிட்டு நீ கிணற்றுக்கு முகம் கழுவப் போனாய். பக்கத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டிருந்த வண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இம்புட்டுப் பெரிய வண்டி வாங்குனவுக, சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் வாங்கலையா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அப்பாவும் வண்டி வைத்திருந்தவர்தான். கத்துகிற சக்கரத்துக்கு எண்ணெய் விடத் தெரியாதா எனக்கு? அச்சுக்கு விட வண்டிக்காரர் வைத்திருந்த எண்ணெய் மூங்கில் குழாயை வாங்கி, சக்கரத்தின் உட்புற இடுக்கில் தாராளமாகவே ஊற்றினேன். கிளம்பியபோது சத்தம் இல்லை. "பழகிருச்சு போல" என்று நீ சந்தோஷப்பட்டாய். ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லிப் பெருமைப்படலாம் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பருத்தி வண்டி குறுக்கே வந்தது. அழுத்தி மிதித்தாய். இடது சக்கரம் வழுக்கியது, வலது மட்டும் பிடித்தது. லாரி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை. புது லாரியின் முகம் நசுங்கித் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

நீ இறங்கி அந்தச் சக்கரத்தைக் கழற்றினாய். பிரேக் டிரம்முக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"வெளக்கெண்ணெய். இது அச்சு இல்ல மாப்ள. அச்சு வழுக்கணும். இது உரசுனாத்தான் வண்டி நிக்கும். புதுசுல கத்தத்தான் செய்யும், உரசி உரசிப் படிஞ்சா அடங்கிரும்."

புத்தகத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றிய பக்கம் நான் நிறுத்திய இடத்திலிருந்து நாலு தாள் தள்ளி இருந்தது. பாடத்தை முழுக்கப் படிக்காமல் வகுப்புக்குள் போன வாத்தியார் நான்.

முதலாளி எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லக் கிளம்பியவனை நீ தடுத்தாய். "ஒனக்கு இந்த வேலை போனா வேற என்ன தெரியும்? நான் எங்கயும் ஓட்டிப் பொழைச்சுக்குவேன். பேசாம இரு."

நீ தடுத்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது நானாகத்தான்.

உன்னைப் பழைய லாரிக்கு மாற்றினார்கள். புது வண்டியை மரத்தில் விட்டவன் என்ற பேர் நின்றுவிட்டது. வேறு எந்த முதலாளியும் உன்னிடம் புது வண்டி தரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் "என்ன வாத்தியாரே, சக்கரம் கத்துதா?" என்பாய். நானும் சிரித்து வைப்பேன். வகுப்பில் எதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறவன், இதை மட்டும் சொன்னதே இல்லை.

நேற்று உன் மகன் வந்திருந்தான். அவன் முதலாளி புது லாரி எடுக்கிறாராம், அதை இவன்தான் ஓட்டப்போகிறானாம். "எங்கப்பா மாதிரி நானும் கவனமில்லாம மரத்துல விட்டுறக் கூடாது பாருங்க மாமா" என்றான். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு இரவு முழுக்க விழித்திருந்தேன்.

அவன் வீடு இங்கிருந்து இரண்டு தெரு. இந்தக் கால்களுக்கு அதுவே தூரம். எண்ணெய் முழுக்க ஆறிவிட்டது. அதைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.