ஆள் அனுப்பியவர்

இன்று காலை ஆபீஸ் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பத்து மூட்டை சிமெண்டு. சணல் சாக்கின் வாடையும் சிமெண்டுத் தூளின் நெடியும் மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்தது. அடுத்து வந்தது கோபம். போன சித்திரையில் கேட்ட சிமெண்டு இது. இப்போது மாசி. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது.

உயிரோடு இருந்தபோது உங்களை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர் நீங்கள். என்னை 'ஐயா' என்பீர்கள். பண்ணையாளிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று ஊர் பழக்கியிருந்தது, நானும் பழகியிருந்தேன். இந்தக் கடிதத்திலாவது மரியாதையாகப் பேசிவிடுகிறேன். செத்தவருக்கு மரியாதை கொடுக்கச் செலவில்லை. அதனால்தான் எல்லோரும் தாராளமாகக் கொடுக்கிறோம்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறுவருஷம் நான் கோட்டுச்சேரிப் பக்கம் கிராமசேவக்காக வந்தேன். ஊர் வேலைகளுக்கு ஜனங்களைத் திரட்டுவது என் உத்தியோகம். கையில் சைக்கிள், வாய் நிறையப் பிரசங்கம். "நம்ம நாட்டுல பணம் இல்ல. ஜனங்களோட கைதான் மூலதனம்" என்று பெரிய அதிகாரி காரைக்காலில் பேசியதை உங்கள் தெருவில் அப்படியே ஒப்பித்தேன். எந்த வேலையானாலும் ஊர் பாதி, சர்க்கார் பாதி. ஊர்ப் பங்கை உழைப்பாகவும் தரலாம். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அப்ப நாங்க பாடுபட்டா எங்க தெருவுக்கு ஒரு கெணறு வருங்களா?" என்றீர்கள். வரும் என்றேன். அப்போது உங்கள் தெருவே வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோகும்.

முதலில் ரோடு போடலாம் என்றார் உங்கள் பண்ணை மிராசுதார். ரோடு என்றால் அவர் நெற்களத்துக்கு வண்டி போகிற பாதை. அதற்குப் பன்னிரண்டு நாள் உங்கள் தெரு முழுக்க மண் சுமந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பதிவேடு எழுதினேன். அதில் 'ஆள் அனுப்பியவர்' என்று நானே ஒரு கட்டம் போட்டு, மிராசுதார் பெயரை எழுதி, பக்கத்தில் நாற்பது ஆள் என்று குறித்தேன். வாய்க்கால் தூர் வாரினாலும் இந்த வட்டாரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். மண் சுமந்தவன் பெயரை யாரும் எழுதியதில்லை. எனக்கும் எழுதத் தோன்றவில்லை.

பிறகு உங்கள் கிணற்றுக்கு மனுப் போட்டேன். அந்தத் தெருவார் இதுவரை எந்தப் பங்கும் அளித்ததாகப் பதிவில்லை என்று பதில் வந்தது. உங்களுக்குப் படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அப்ப நாங்க வரவே இல்லீங்களா?"

நேரே மிராசுதாரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "பண்ணையாளு நாளு பண்ணைக்குச் சொந்தம். அடுத்தவன் நாள எடுத்து அவன் எப்படித் தானம் பண்ணுவான்? நீங்க எழுதுனது சரிதான் தம்பி" என்று சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். நானும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அந்த மோரை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

வழி கண்டுபிடித்தது நீங்கள்தான். சித்திரையில் உங்கள் காளியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் யாரும் வயலில் இறங்குவதில்லை. அம்மனுக்குப் பயந்து மிராசுதாரும் கூப்பிட மாட்டார். வருஷத்தில் உங்களுக்கென்று இருந்த நாட்கள் அந்த எட்டுதான். அதில் கிணறு வெட்டலாம் என்றீர்கள். காப்புக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தொடலாமா என்று பூசாரி தயங்கினார். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளும் இந்த வாய்க்காத் தண்ணியிலதான குளிக்கிறா" என்றீர்கள். தெருவே சிரித்தது.

என் வலது கையிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டினீர்கள். "கட்டிக்கிங்கய்யா. அப்பத்தான் எட்டு நாளு ஆபீசுக்கு ஓடாம எங்களோட கெடப்பீங்க." கிடந்தேன். அந்த வருஷம் மேளமில்லை, கூத்தில்லை. ஏழாம் நாள் நல்ல தண்ணீர் ஊறியது. எட்டாம் நாள் எல்லோரும் காப்பை அவிழ்த்து அந்தத் தண்ணீரிலேயே போட்டார்கள். நாம் இருவர் மட்டும் அவிழ்க்கவில்லை. அடியில் மணல், சிமெண்டு உறை இறக்கினால்தான் கிணறு நிற்கும். "ஒற எறங்குனப்பறம் நாம அவுப்போம்" என்றீர்கள்.

இந்த முறை பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினேன். முதல் பெயர் உங்களுடையது. சர்க்கார் பங்காகச் சிமெண்டு கேட்டதற்கு, அது கண்ட்ரோலில் இருக்கிறது, பர்மிட் வேண்டும் என்றார்கள். மனு காரைக்காலுக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. ஜனங்களைத் திரட்டு என்று சொன்னவர்கள், திரண்ட ஜனங்களை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். ஐப்பசி மழையில் கிணறு சரிந்து மூடிக்கொண்டது. என்னை நீங்கள்தான் தேற்றினீர்கள். "மண்ணுதானங்கய்யா. எடுத்துப்புடலாம்." கார்த்திகையில் வாந்திபேதி வந்தது. வண்டி கட்டி உங்களைக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் நீங்கள் போய்விட்டீர்கள். கையில் காப்பு அப்படியே இருந்தது.

இன்று சிமெண்டோடு அச்சடித்த பாரம் ஒன்றும் வந்தது, பங்களித்தவர் பெயர் கேட்டு. உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "செத்தவன் பேர்ல எப்படிய்யா குடுக்க முடியும்? மத்தவனுக்கும் நெலம் இல்ல, நெலம் இல்லாதவன் பேர்ல சிமெண்டு தர ரூல் இல்ல. நெலம் வச்சிருக்கறவன் பேரு ஒண்ணு போடு. இல்லன்னா வண்டிய இப்பவே பூவம் கிராமத்துக்குத் திருப்பிடுவேன்."

வண்டிக்காரன் இன்னும் மாட்டை அவிழ்க்கவில்லை. சைக்கிளை மிதித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். இந்த அநியாயத்தைக் கேட்டால் உங்கள் மனைவி என்னோடு சேர்ந்து கொதிப்பார் என்று நினைத்தேன். அவர் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்காலில் இருந்து குடத்தோடு வந்தார்.

"பேரு யாருதா இருந்தா என்னங்கய்யா? அடுத்த மழைக்குள்ள ஒற எறங்கிடுமா? அதச் சொல்லுங்க."

இறங்கிவிடும் என்றேன். திரும்பி வந்து மிராசுதார் பெயரை எழுதினேன். மூட்டைகளை இறக்கினார்கள். முதல் தடவை யோசிக்காமல் எழுதினேன். இந்தத் தடவை தெரிந்தே எழுதினேன்.

உறை இறங்கும் அன்று உங்கள் தெரு என்னைக் காப்பை அவிழ்க்கச் சொல்லும். மஞ்சள் போய் நூலாகிவிட்டாலும் இன்னும் என் வலது கையில்தான் இருக்கிறது. அந்தக் கையால்தான் இன்று அவர் பெயரை எழுதினேன். காப்பை அவிழ்க்க எனக்கு மனம் வராது.