பின்சீட்டில் வேறொருத்தி

மதினி,

இன்று சாயங்காலம் விருதுநகர் பஜாரில் இரண்டு மழைக்கோட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்ததும் புது ரெக்சின் வாடை அறை முழுக்கப் பரவியது. சனிக்கிழமை விடிந்ததும் மூணாறுக்குக் கிளம்புகிறேன், என் சொந்த பைக்கில். இவ்வளவு தூரம் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. இரண்டாவது கோட்டு உங்களுக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூணாறு நீங்கள் ஆசைப்பட்ட ஊர். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆபீஸுக்கு நீங்கள் வெடி செய்யப் போய்வந்த காலத்தில், மழை பெய்தால் சரக்கு காயாது, வேன் வராது, வேலை கிடையாது. தெருவே மழையைத் திட்டும். நீங்கள் மட்டும் வாசலில் நின்று கையை நீட்டி நனைப்பீர்கள். "மழை பேஞ்சாலும் யாரும் மூஞ்சியத் தூக்காத ஊரு எங்கனயாச்சும் இருக்கா புள்ள?" என்று ஒருநாள் கேட்டீர்கள். நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் அடித்த காலண்டர் ஒன்று சுவரில் தொங்கியது. அதிலிருந்த தேயிலை மலையைக் காட்டி, மூணாறு என்றேன். "அங்கன போவோம். நீ ஓட்டு, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்."

அப்போது எனக்கு ஸ்கூட்டி தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் பைக்கை சூலக்கரைக்குக் கொண்டு போவோம். அரசு ஆபீஸ்களுக்கு விடுமுறை, ரோடு காலியாக இருக்கும். கிளட்சை விட்டால் வண்டி துள்ளித் துள்ளி நிற்கும். ஒருநாள் இருவரும் விழுந்தோம். முழங்கை தேய்ந்ததும் எனக்கு வெறுத்துவிட்டது. நீங்கள் சேலையைத் தட்டிவிட்டு மறுபடி பின்சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். "நான் உக்காந்துட்டேன். இனி நீ ஓட்டித்தான ஆகணும்."

பட்டாசு சீசன் முடியட்டும், தீபாவளி கழித்துப் போகலாம் என்று பேசிவைத்தோம். நீங்கள் வேன் ஏறும்போதெல்லாம் அம்மா சாமி கும்பிடுவாள். எங்கள் பயமெல்லாம் பட்டாசு ஆபீஸைப் பற்றித்தான். உங்களைக் கொண்டுபோனதோ மஞ்சள் காமாலை. அந்தத் தீபாவளிக்கு நீங்கள் இல்லை.

அண்ணன் வெகுநாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவனுக்கு மறுபடி கல்யாணம் பண்ணலாம் என்று முதலில் வாயெடுத்தது நான்தான் மதினி. அச்சங்குளம் போய்ச் செல்வியைப் பார்த்துவிட்டு வந்ததும் நான்தான். நல்ல மாதிரி. அவள் கட்டிவந்த பிறகு அண்ணன் வீட்டில் சிரிக்கிறான்.

போன மாதம் நான் செல்போனில் மூணாறுக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி எட்டிப் பார்த்து, "நானும் வரட்டுமா?" என்றாள். யோசிக்கவே இல்லை, சரி என்றேன். பேரையூர், உசிலம்பட்டி, தேனி, போடி என்று வழி குறித்தோம். எங்கே டீ குடிப்பது, போடிமெட்டு ஏற்றத்தில் எந்த கியரில் போவது, ஸ்வெட்டர் ஒன்று போதுமா என்று தினமும் பேச்சு. சிரிப்பும் கும்மாளமுமாக நாள் போனது. இன்று கடைக்காரர், "பின்னாடி உக்கார்றவுக என்ன உசரம்?" என்று கேட்டார். செல்வியின் உயரத்தைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் கடையில் நிற்க முடியவில்லை.

வந்ததும் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் கோட்டை மடித்து மறுபடி கடைப் பையில் வைத்தாள். "அப்ப நான் வரலை. நீங்க மட்டும் போயிட்டு வாங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். உங்களுக்குச் செய்தது போதாதென்று அவளையும் நோகடித்துவிட்டேன்.

"வராம இருக்கச் சொல்லலை செல்வி. இம்புட்டு நாளா அவுகள ஒரு தடவை கூட நெனைக்கலையேன்னுதான்" என்றேன்.

அவள் பையை ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள். "காலையில வேலைக்குப் போகையில, வீட்டு முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் பாதி திரும்பிச் சொல்றீகளே, அது யார்கிட்ட?"

நான் எதுவும் சொல்வதில்லை என்றேன்.

"தெனமும் சொல்றீக. வாசல் தெளிக்கையில கேக்குறேன். 'புடிச்சுக்கோங்க'ங்கீக. பின்னாடி ஆளே இருக்காது."

எனக்குத் தெரியாது மதினி. சத்தியமாகத் தெரியாது. சூலக்கரை ரோட்டில் மேடு பள்ளம் வந்தால் உங்களிடம் சொல்வேனே, அதேதான். உங்களை நினைக்கவே இல்லை என்று இன்று நான் நொந்துகொண்ட அந்த நாட்களிலும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் போய்வந்திருக்கிறேன்.

செல்வியைக் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். மனசு உறுத்துவது நிற்கவில்லை. மூணாறில் முதல் தூறல் விழும்போது இன்னும் உறுத்தும் என்றே நினைக்கிறேன். வழியில் எங்கேயாவது ரோடு தூக்கிப்போடும்போது, என்னையறியாமல் அதைச் சொல்லுவேன். செல்விதான் பிடித்துக்கொள்வாள். நான் யாரைச் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும்.