கில்வாவில் ஓர் உள்ளறை

அன்பு முவானகோம்போவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆண்டவன் கிருபையில் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, தம்பியைத் தூக்கச் சொல்.

இங்கே கில்வாத் தீவில் பழைய காலத்துப் பவளக்கல் வீடு ஒன்றைத் தோண்டுகிறோம். நேற்று உள்ளறையில் கொத்துக்கரண்டியை வைத்தவன், சட்டென்று நிறுத்திவிட்டேன். மேஸ்திரி ஹெமேதி பார்த்துவிட்டார்.

“என்னப்பா ஷே, தங்கமா? தனியா அமுக்கப் பாக்குறியா?”

“தங்கம்னா உங்ககிட்ட சொல்லுவேனா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன எலும்புகள், ஒரு பாசிமணி. மூச்சில்லாமல் பிறந்த பிள்ளையை, நம் பிள்ளையை நாம் உள்ளறை மூலையில் வைத்த மாதிரியே, அந்தக் காலத்திலும் வீட்டுக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள். என் துண்டைப் போட்டு மூடினேன். இன்று தொல்லியல்காரர்கள் அளந்து, பெட்டியில் எடுத்துப் போனார்கள். வேலைதானே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இஞ்சி போட்டு இடித்த காப்பித்தூளும் ஒரு துண்டும் கொடுத்துவிடு.

உள்ளறைத் தரையைக் கொத்திவிட்டு சிமென்ட் போடப்போவதாக உன் தம்பி சொன்னானாமே. நான் வரும்வரை பொறுக்கச் சொல். கடிதம் கொண்டுவரும் படகுக்காரர் கூப்பிடுகிறார். தம்பி கேட்காவிட்டால், அந்த மூலையில் பாயை விரித்துப் படுத்துக்கொள். யார் சொன்னாலும் எழுந்திருக்காதே.

உன் ஷே