யோசனை மையத்தில் மொலோகி

மார்ச் 6
நான் விற்பதற்கு மாக்வின்யா பணியாரம் பொரிக்க மாவு பிசைவதற்குள் என் வீட்டுக்காரர் மொலோகி சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டார். சுரங்கத்தை மூடிய பிறகு இன்றுதான் ஷூ மாட்டுகிறார். சுரங்கத்தின் பழைய சம்பள அலுவலகத்துக்குக் கண்ணாடி போட்டு ‘யோசனை மையம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போட்ஸ்வானா இனிமேல் மண்ணைத் தோண்டிப் பிழைக்காதாம், மூளையால் பிழைக்குமாம். தலைநகர் கபரோனிலிருந்து வந்தவர்கள் மேடையில் சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினோம்.

மார்ச் 9
மையத்திலிருந்து வந்தார். சாப்பிட்டார். படுத்தார்.

மார்ச் 14
பாடம் நடத்தும் பெண் துமிசாங், வட்டமாக உட்காரவைத்து, உங்கள் யோசனை என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்கிறாளாம். இவர் எழுந்து நின்றாராம், திரும்ப உட்கார்ந்துவிட்டாராம்.
“பாறைக்கு வெடி வைக்கிறவன் நான், பொனோலோ அம்மா. கீழ போய்ச் சொந்தமா யோசிச்சா கூட நிக்கிறவனும் சாவான்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. இப்ப யோசின்னா எங்க போவேன்?”


ஏப்ரல் 2
பக்கத்து வீட்டு கெனோசி மாக்வின்யா வாங்கிக்கொண்டே, “உங்க வீட்டுக்காரருக்குப் பரீட்சை எப்ப?” என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரிச்சேன்?

ஏப்ரல் 21
அவருக்கு யோசனை வந்துவிட்டது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இன்னும் பம்பு வைத்து இறைத்து வீணாகத்தான் விடுகிறார்கள். அதைச் சுத்தம் செய்து தக்காளியும் கீரையும் போடலாம். கடையில் இருப்பதெல்லாம் தென்னாப்பிரிக்கத் தக்காளிதானே? சாப்பாடு ஆறும்வரை பேசினார். படம் வரைந்தார். மகள் பொனோலோ தக்காளிக்குச் சிவப்பு அடித்தாள்.

மே 12
யோசனைக்குப் பணம் தரும் தேர்வுக் குழுவுக்கு முன்னால் அவர் பேசும்போது நான் பின்வரிசையில் இருந்தேன். மரியாதையாகத்தான் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், “இதுல புதுசு என்ன ஐயா? இது தோட்டம். போன்ல போட்டு உலகத்துக்கே விக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?” என்றார்.
“சரிங்க ஐயா” என்று இவர் படத்தைச் சுருட்டினார்.
பசியும் பழசுதானே என்று எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கலையே நான் — வாய் எங்க போச்சு?
தேர்வானது, வேன் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் யோசனை. பாதி ஊர் காலி. வேனில் ஏற யார் இருக்கா?

ஜூன் 3
பம்புகளை நிறுத்திவிட்டார்கள். சுரங்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்க என்ன இருக்கிறது? தண்ணீர் ஏறுவது உள்ளே.

ஜூன் 4
முகம் மழிக்கவில்லை. மையத்துக்கும் போகவில்லை.

ஜூன் 20
துமிசாங் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டதாம். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தவள், “அக்கா, உங்க யோசனை என்னன்னு என்னைக் கேட்டாலும் எனக்கு ஒண்ணும் வராது. கேக்கிற வேலை கிடைச்சுது, கேட்டேன்” என்றாள். அவள்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜூலை 8
சாம்பியாவில் செம்புச் சுரங்கத்துக்கு வெடி வைக்க ஆள் வேண்டுமாம். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொனோலோ கை காட்டவில்லை.

ஆகஸ்ட் 19
போன் செய்தார். பழைய குரல் — இருமலும் சிரிப்புமாக. சாப்பாடு பரவாயில்லையாம், கூட இருப்பவர்கள் நல்லவர்களாம். “இந்தச் சுரங்கம் இன்னும் நாலு வருஷம் ஓடும்னு உறுதியாச் சொல்லிட்டாங்க” என்றார், அவ்வளவு சந்தோஷமாக.
நானும் சந்தோஷப்பட்டேன்.