உராய்வு எந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கயிற்றின் வாடை காற்றில் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, அடி அடியாகக் கரை ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற பெண்ணின் கால் ஈர மணலில் சறுக்கியது. கயிறு அவளைக் கடல் பக்கமாக இரண்டடி இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் சிரித்தபடி மறுபடியும் காலை ஊன்றினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கண்மூடி ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உன்னிடம் பேச என்னால் முடியவில்லை. இன்றைக்குப் பேசியாக வேண்டும்.

சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது தற்செயல்தான். நான் திட்டக்குடிப் பக்கம் கரும்பு விவசாயி வீட்டுப் பெண், விடுதியில் தங்கியிருந்தேன். நீ கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனாய். இயக்கவியல் வகுப்பில் எல்லோரும் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருக்கும்போது நீ மட்டும் நோட்டில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்துகொண்டிருப்பாய். ஆசிரியர் தவறாக ஓர் அம்பு போட்டால் உன் கை தானாக மேலே போய்விடும். எனக்குப் பயமாக இருக்கும். உன் தாவணியைப் பிடித்துக் கீழே இழுப்பேன்.

ஒரு சனிக்கிழமை என்னை உன் வீட்டுக்கு அழைத்துப் போனாய். ஆலப்பாக்கம் அருகே மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். நின்றுகொண்டிருந்த நான் முன்னால் இருந்தவர் முதுகில் போய் மோதினேன்.

"பஸ்ஸு தள்ளிவுட்டுடுச்சு" என்றேன்.

"யாருடி தள்ளுனா? காட்டு பாப்போம்" என்று ஆரம்பித்துவிட்டாய். "ஒன்னத் தொட்டுக்கினு இருக்கறது இன்னா இன்னா? கால்ல பஸ்ஸு, கையில கம்பி. ரெண்டும் ஒன்ன முன்னாடி தள்ளல. நீ பாட்டுக்குப் போய்க்கினு இருந்த. பஸ்ஸுதான் நின்னுச்சு."

கண்டக்டர் உன்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கோ நியூட்டனின் முதல் விதி அன்றைக்குத்தான் உடம்பில் ஏறியது. ஒரு பொருளை மட்டும் தனியாக எடுத்து வை, அதைத் தொடுவது யார் யார் என்று கேள், தொடாமல் இழுப்பது பூமி ஒன்றுதான், கணக்கு அவ்வளவுதான் என்பாய். இன்றுவரை என் மாணவர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அன்று மதியம் உங்கள் ஊர்க் கரையில் வலை இழுத்தார்கள். நாமும் கயிற்றின் வால் முனையைப் பிடித்தோம். "படிக்கிற புள்ளைங்க கயிறு புடிக்க வந்துட்டுதுங்க, இன்னிக்கி மீனு ஜாஸ்தி வுழும்" என்று உன் அம்மா கேலி செய்தார். மூன்றாம் விதியில் எனக்கிருந்த சந்தேகத்தை அங்கேதான் கேட்டேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்றால் இரண்டும் கழிந்து போகுமே, பிறகு எதுவும் எப்படி நகரும்?

கயிற்றை விடாமலே பதில் சொன்னாய். "ரெண்டும் ஒரே ஆளு மேல இருந்தாதானடி கழியும்? நான் மணலத் தள்றது மணலு மேல. மணலு என்னத் தள்றது எம்மேல. எங்கணக்குல எம்மேல இருக்கறது மட்டும்தான் வரும். கயிறு என்னக் கடலுக்கு இழுக்குது, மணலு என்னக் கரைக்குத் தள்ளுது. மணலு ஜெயிச்சா நான் கரைக்குப் போறேன்."

அந்தப் பதில்தான் பிறகு உன் ஒரு வருடத்தை விழுங்கியது.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். கூட்டு ஊசல் சோதனையை நீ சுத்தமாக முடித்துவிட்டாய். வாய்மொழித் தேர்வில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மனிதன் நடக்கும்போது அவன் காலில் உராய்வு எந்தப் பக்கம்? நான் அடுத்த ஆளாகப் பக்கத்து மேசையில் ரெக்கார்டு நோட்டோடு நின்றிருந்தேன்.

"முன்பக்கம் சார்."

"உராய்வு எப்பவும் நகர்வுக்கு எதிர்ப்பக்கம்தான். எந்தப் புக்குல படிச்ச?"

"நகர்வுக்கு இல்ல சார், வழுக்கலுக்கு எதிர்ப்பக்கம். ஊன்றுன காலு பின்னாடிதான் வழுக்கப் பாக்குது. அதனால உராய்வு முன்னாடி தள்ளுது. எங்க ஊர்ல வலை இழுக்கும்போதே தெரியும் சார்."

அவர் பேனாவை மேசைமேல் போட்டார். "அப்ப வலையே இழுக்கப் போயேன். இங்க எதுக்கு வந்த?"

நம் வகுப்பு மொத்தமும் அங்கே இருந்தது. உன் முகம் சிவந்ததைப் பார்த்தேன். குரல் மட்டும் மாறவில்லை. "போவேன் சார். அங்க போனாலும் அம்புக்குறி முன்னாடிதான் சார் இருக்கும்."

அடுத்து என்னைக் கூப்பிட்டார். அதே கேள்வி. நீ இரண்டு அடி தள்ளி நின்று பையில் நோட்டை வைத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பதில் தெரியும். உன்னோடு கயிறு பிடித்து, உள்ளங்காலில் அதை உணர்ந்தவள் நான்.

"எதிர்ப்பக்கம் சார்" என்றேன்.

"பாத்தியா? இதுதான் பதில்" என்று உன்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எனக்கு மதிப்பெண் போட்டார். உன்னைத் தேர்ச்சி பெறாதவர்கள் பட்டியலில் எழுதினார்.

வெளியே வேப்பமரத்தடியில் நான் அழுதுகொண்டே வந்து உன் முன்னால் நின்றேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "தெரியாம சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா?" நான் ரெக்கார்டு நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ பஸ்ஸுக்குப் போய்விட்டாய். இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் காலையில் விடுதி வாசலில் வந்து நின்றாய். கையில் மீன்பெட்டியிலிருந்து பிரித்த நீளமான பலகை ஒன்று. "வா, ஒரு வேல இருக்கு" என்றாய். இயற்பியல் துறையின் நடைபாதையில், சோதனைக்கூடத்து இரும்புக் கம்பிகளை வரிசையாகப் படுக்க வைத்து அவற்றின் மேல் பலகையைப் போட்டாய். துறைத் தலைவரை அறையிலிருந்து அழைத்து வந்தாய். என்னிடம், "இதும்மேல ஏறி நட" என்றாய்.

நான் ஒரு காலை ஊன்றி, அடுத்த அடி எடுத்து வைத்தேன். பலகை பின்பக்கமாகப் பாய்ந்தது. நான் தொப்பென்று விழுந்தேன். நடைபாதை முழுக்கச் சிரிப்பு. நீ சிரிக்கவில்லை.

"பலக எந்தப் பக்கம் போச்சு சார்?" என்று அவரைக் கேட்டாய்.

"பின்னாடி."

"அப்ப காலு பலகயப் பின்னாடி தள்ளியிருக்கு. பலக காலை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்?"

அவர் குனிந்து பலகையைக் கையால் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். "நீ சொன்னது சரிதாம்மா. ஆனா மார்க் போட்டவரு அவரு. எதுத்துப் பேசுனேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. நான் அவர்ட்ட பேசி சரிபண்ணிடறேன்."

"சரியாச் சொன்னதுக்கா சார் மன்னிப்பு?"

"ஒரு வருஷம் வீணாப் போயிடும்மா."

"போவட்டும் சார்."

நான் முட்டியில் சிராய்ப்போடு தரையில் உட்கார்ந்திருந்தேன். நீ குனிந்து எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாய். என்னை மன்னித்துவிட்டாயா, அல்லது ஒரு சோதனைக்கு ஆள் தேவைப்பட்டதா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

நான் அந்த வருடமே எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். நீ கருவாட்டுக் கொட்டகையில் அம்மாவுக்கு உதவிக்கொண்டு, மறுதேர்வு எழுதி, அடுத்த வருடம் வந்து சேர்ந்தாய். எனக்கு ஜூனியராக. அதைச் சொல்லிச் சொல்லியே என்னிடம் டீ வாங்கிக் குடித்தாய். பிறகு நீ கடலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, நான் கடலூரிலேயே ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். உன் பள்ளியிலிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவேன். கரும்பலகையில் நான் அம்பு போட்டு முடிக்கும் முன்பே, "இத யாரு மேடம் தள்றது?" என்று கேட்டுவிடுவார்கள்.

நோய் உன் மார்பில் தொடங்கி எலும்புக்குப் போன பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. மருத்துவமனையில் உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பதினெட்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கி தெரிஞ்சேதான்டி எதிர்ப்பக்கம்னு சொன்னேன்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாய். மூச்சு வாங்கியது. "இப்ப ஒம் பசங்களுக்கு எந்தப் பக்கம் போட்டுக் காட்டற?"

"முன்பக்கம்."

"யாராவது மாத்திச் சொன்னா?"

"திருத்துவேன்."

"ஒனக்கு மேல இருக்கறவங்க சொன்னா?"

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன், மூடினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பதில் வரும்வரை காத்திருக்கத் தயாராக இருந்தாய். நர்ஸ் வந்தார். பேச்சு மாறிப்போயிற்று. இருபது நாளில் நீ போய்விட்டாய்.

அந்தக் கேள்வி போன வாரம் என்னைத் தேடி வந்தது.

விடைத்தாள் திருத்தும் முகாம் சிதம்பரத்தில் நடந்தது. முதலாண்டு இயக்கவியல் தாள். 'நடக்கும் மனிதனின் ஊன்றிய காலில் செயல்படும் உராய்வு விசையின் திசை யாது? காரணம் தருக.' எங்களுக்குத் தரப்பட்ட விடைக்குறிப்பைப் புரட்டினேன். 'நகர்வுக்கு எதிர்த்திசை' என்று அச்சடித்திருந்தது.

முதல் விடைத்தாள் கட்டின் மூன்றாவது தாளில் ஒரு பிள்ளை காலைப் படமாக வரைந்து, முன்பக்கம் அம்பு போட்டு, காரணமும் சரியாக எழுதியிருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். மேற்பார்வைக்கு வந்த முகாம் தலைவர் அதை அடித்துப் பூஜ்ஜியம் போட்டார்.

"மேடம், கீ-ல இருக்கறதத்தான் போடணும்."

"கீ தப்பு சார்."

"அது நம்ம வேல இல்லீங்க. எல்லாரும் போட்டுக்கிட்டுதான இருக்காங்க, பாருங்க."

பார்த்தேன். சுற்றிலும் குனிந்த தலைகள். அவர்களில் பலருக்குப் பதில் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் இருந்தேன் அல்லவா? எழுந்து நின்றேன்.

"சார், நடக்கறதுக்கு எதிரா உராய்வு நம்மளத் தள்ளுதுன்னா, உராய்வே இல்லாத இடத்துல நாம இன்னும் வேகமா நடக்கணும். எண்ணெ கொட்டுன தரையில நடந்து பாத்திருக்கீங்களா?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குக் கோபம் மூட்டியது. "நீங்க வந்தது திருத்தறதுக்கு, பாடம் எடுக்கறதுக்கு இல்ல" என்றார்.

"தப்பாத் திருத்த நான் வரல சார். இந்தத் தாள்கள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பேனாவை மூடினேன். அங்கேயே உட்கார்ந்து, படம் போட்டு, காரணம் எழுதி, ஒரு பக்க ஆட்சேபத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாள், இரண்டில் எந்தத் திசையை எழுதியிருந்தாலும் மதிப்பெண் தரலாம் என்று திருத்தம் வந்ததாகச் சொன்னார்கள். சரியாக எழுதிய பிள்ளைகள் தப்பித்தார்கள், அந்த அளவில் சந்தோஷம். ஆனால் அம்பு இரண்டு பக்கமும் போகாது. அதையும் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. முகாம் பணிக்கு இடையூறு செய்தேனாம். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் விஷயம் இதோடு முடியுமாம். இல்லாவிட்டால் தேர்வுப் பணிகளிலிருந்து நீக்கம், வரவேண்டிய பதவி உயர்வும் நிறுத்திவைப்பு. என் வீட்டுக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, "எழுதிக் குடுத்துடேன், ஒரு வரிதானே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடு. எழுத வேணாம்" என்றார்.

எனக்குப் பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது தைரியம் என்று பெருமைப்படவும் மாட்டேன். நீ தைரியசாலி, நான் அப்படி இல்லை. நான் இத்தனை வருடம் சுமந்தது அன்று சோதனைக்கூடத்தில் உன் காதுபட நான் சொன்ன 'எதிர்ப்பக்கம்' என்ற அந்த ஒரு சொல்லை. அதை வைத்து எம்.எஸ்ஸி. படித்தேன், வேலை வாங்கினேன், சம்பளம் வாங்கினேன். அது இறங்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் நீ கேட்ட கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது.

நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருப்பார்களாம். மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. உராய்வு எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்பார்களோ மாட்டார்களோ தெரியாது. கேட்காவிட்டால் நானே கேட்டு, நானே பதில் சொல்லிவிட்டு வருவேன்.

முன்பக்கம் சார்.