கழுவி வந்த கேரியர்

கள்ளக்குறிச்சி
10.2.1987

அன்புள்ள தெரசா அப்பாவுக்கு,

இங்கே நானும் தெரசாவும் நலம். நீங்கள் வெள்ளிமலைப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன பிறகு வீட்டில் முருங்கைகூடச் சரியாகக் காய்க்கவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் மீன் குழம்பு கொடுத்தனுப்பிய கேரியர் நேற்றுத் திரும்பியது. சாம்பல் போட்டுத் துலக்கியிருந்தது. இந்த இருபது வருஷத்தில் நீங்கள் ஒரு தம்ளரைக்கூடக் கழுவியதில்லை. யார் துலக்கியது என்று கண்டக்டர் முனியனைக் கேட்டேன்.

"சாருக்கு இன்னாம்மா கொற? இருசம்மா கஞ்சி ஊத்துது. பக்கத்துல குந்திக்கினு விசிறி வேற வுடுது."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது என் குழம்பை நீங்கள் தொடவில்லை. பல்வலி என்றீர்கள். பாயை எடுத்துக்கொண்டு கூடத்தில் போய்ப் படுத்தீர்கள். அப்போது நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். யார் அந்த இருசம்மாள்?

அமலோற்பவம்


வெள்ளிமலை
15.2.1987

அன்புள்ள அமலா,

இருசம்மாள் ஹாஸ்டலில் சமைக்கிறவள். உன்னைவிடச் சின்னவள், புருஷன் இல்லை. நான் எழுதாவிட்டால் முனியன் சொல்லிவிடுவான்.

அவள் விசிறுவது எனக்கில்லை, கஞ்சிக்கு. என் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் புண். சூடும் காரமும் பட்டால் உயிர் போகிறது. ஆறுகிறது, திரும்ப வருகிறது. காலில் சிவப்பாகக் கட்டிகள். மறைவிடத்திலும் புண் இருக்கிறது. பாயை எடுத்துக்கொண்டு போனது அதனால்தான்.

புதுச்சேரியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். கையில் வெறும் ஊசியால் குத்தி, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதுதான் இந்த நோய்க்கு அடையாளமாம். அபூர்வமான நோயாம். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துக்கொள்கிறதாம். பெயர் வாயில் நுழையவில்லை. என் வாயில் இப்போது எதுதான் நுழைகிறது? ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. கண்ணைத் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மாத்திரை தந்திருக்கிறார்.

தனியாக இருக்கிற ஆம்பளைக்கு அந்த இடத்தில் புண் என்றால், நீ முதலில் என்ன கேட்டிருப்பாய்? அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

குழம்பை வாட்ச்மேன் சடையன்தான் சாப்பிட்டார், கேரியரைத் துலக்கியதும் அவர்தான். நன்றாக இருந்ததாம்.

மைக்கேல்


கள்ளக்குறிச்சி
19.2.1987

அன்புள்ள தெரசா அப்பாவுக்கு,

முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன். என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

கடிதத்தைப் படித்து அழுதேன். நோய் என்று தெரிந்ததும் மனம் இளகி, மற்றதெல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அழுகிறபோதே அந்தக் கஞ்சிதான் கண்ணில் நின்றது. எந்தச் சூட்டில் உங்கள் வாய் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும். விரலை வைத்துப் பார்ப்பாளோ, உங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாளோ. எனக்கு அது தெரியாது. அவள்மேல் தப்பில்லை என்று புத்தி சொல்கிறது. புத்தி சொல்வதை நான் எப்போது கேட்டேன்?

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலை பஸ்ஸில் ஏறுகிறேன். கேரியர் கொண்டு வரவில்லை. விசிறி மட்டும் கொண்டு வருகிறேன். வந்ததும் வாயைத் திறந்து எனக்குக் காட்ட வேண்டும். காலையும், மற்றதையும்.

இருசம்மாளைக் கஞ்சி காய்ச்சித் தரச் சொல்லுங்கள். அதோடு அவள் எழுந்து போகலாம். ஆற்றுவது நான்.

உங்கள்
அமலா